காட்டுப்பாக்கத்துக் கப்பலில் கேட்ட குரல்

முச்சந்தியில் சுற்றிப் போட்ட பூசணிக்காய் மேல் வண்டியை ஏற்றிக்கொண்டு போகிற ஆள் நான். அம்பத்தூரில் எங்கள் தெருவில் அமாவாசைக்கு மறுநாள் எலுமிச்சம்பழம் நசுங்கிக் கிடந்தால் அதில் பாதி என் டயர் செய்த வேலையாகத்தான் இருக்கும். பேய்ப் படத்துக்குக் கூட்டிக்கொண்டு போனால் சிரித்துச் சிரித்து பக்கத்து சீட்டுக்காரரிடம் திட்டு வாங்குவேன். மெக்கானிக்கல் படித்தவன், காற்று ஒரு சதுர அடித் துணியில் எவ்வளவு அழுத்தும் என்று கணக்குப் போடத் தெரிந்தவன், அதனால் இப்போது நான் சொல்லப்போவதைக் கேட்டு உங்கள் உதட்டோரம் வருகிற சிரிப்பு எனக்கு நன்றாகவே தெரியும், நானே எத்தனையோ பேரிடம் அப்படிச் சிரித்திருக்கிறேன். சிரியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள், அவ்வளவுதான்.

காட்டுப்பாக்கத்தில் ஏது கப்பல் என்று முதலில் கேட்பீர்கள். கப்பல் என்று சொன்னது தெருக்காரர்கள். உண்மையில் அது ஒரு பாய்மரப் படகு. உள்ளே கேபின், படுக்கை, அடுப்பு எல்லாம் உண்டு, மாதக்கணக்கில் கடலிலேயே வாழ்ந்துகொண்டு ஊர் ஊராகப் போகலாம், அந்த மாதிரிப் படகு. வாங்கியவர் நாசர் பாய். பூந்தமல்லிக்காரர், ஃபைபர் கதவும் தண்ணீர்த் தொட்டியும் செய்கிற பட்டறை வைத்திருக்கிறார். கொச்சிப் பக்கம் யாரோ கைவிட்ட படகை, அடிப்பக்கம் பிளந்து கிடந்ததை, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து காட்டுப்பாக்கத்தில் தன் காலி மனையில் நிறுத்தினார். இரண்டு பக்கமும் இரும்பு முட்டுகள் கொடுத்து, அந்தரத்தில், ஒரு மாடி உயரத்துக்கு. துறைமுகத்துப் பக்கம் பாய்மரப் பயிற்சி வகுப்பில்தான் அவர் எனக்குப் பழக்கம். படகு வந்த நாளிலிருந்து சனி ஞாயிறு என்றால் நான் அங்கேதான், வீட்டில் என்னைத் தண்ணீர் தெளித்து விட்டுவிட்டார்கள்.

எதிர்மனையில் தகர ஷீட் போட்ட வீட்டில் ஆட்டோ ஓட்டுகிற மணி அண்ணன் இருந்தார். தினமும் ஆட்டோவை எடுக்கும்போது மேலே அண்ணாந்து பார்த்துக் கேட்பார்:

"இன்னா பாய், கடல இங்க இட்டுனு வரப் போறியா, இல்ல கப்பல அங்க இட்டுனு போவப் போறியா?"

"எது முந்துதோ அதுல ஏறிக்கலாம் மணி. உனக்கு ஜன்னலோர சீட்டு போட்டு வெச்சிகீறேன்."

"ஜன்னலோரம்னா தண்ணி மேல அடிக்குமே நைனா, எனக்கு நடு சீட்டே போதும்."

பாயின் மனைவி ஷமீம், எனக்கு அண்ணி. முகப்பேரில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். பாய், அண்ணி, நான், இந்த மூன்று பேர்தான் மாலுமிகள். தரையில் நிற்கிற படகில் கடலில் இருப்பது போலவே வாழ்ந்து பழக வேண்டும் என்பது பாயின் கொள்கை. அலைக்குத் தக்கபடி ஆடுகிற மாதிரி கொக்கியில் மாட்டிய அடுப்பில் அண்ணி பிரியாணி செய்வார், தரையில் அது ஆடவே ஆடாது, பாய் போய்க் கையால் ஆட்டிவிட்டு "இப்ப அலை" என்பார். ஒரு குவளைத் தண்ணீரில் தட்டு கழுவுவோம். ஒரு கை எப்போதும் படகைப் பிடித்திருக்க வேண்டும். முக்கியமாக, யாராவது ஒரு வேலை சொன்னால் செய்கிறவன் உரக்க "ரைட்டு!" என்று பதில் சொல்லியே ஆக வேண்டும், பஸ் கண்டக்டர் மாதிரி. காற்றில் காது கேட்காது, பதில் வரவில்லை என்றால் ஆள் கடலில் விழுந்துவிட்டான் என்று அர்த்தம் என்பார் பாய். நான் ரைட்டு சொல்லிச் சொல்லி ஆபீசில் மேனேஜருக்கே ஒருநாள் ரைட்டு சொல்லிவிட்டேன்.

பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த அடுக்குமாடிக்கு கிரேன் வந்திருந்தது. அதைப் பார்த்ததும் பாய்க்குக் கை அரிக்க ஆரம்பித்துவிட்டது. பாய்மரத்தைத் தூக்கி நிறுத்தினார். கடலுக்குக் கொண்டுபோகும்போது திரும்பக் கழற்றித்தான் ஆக வேண்டும், தெரியும், ஆனாலும் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று ஆசை, எனக்கு அவரைவிட ஆசை. முன்பாயையும் ஏற்றினோம். அது கம்பியைச் சுற்றிச் சுருண்டுகொள்ளும், சாப்பிட்டுப் படுக்கிற கோரைப்பாயைச் சுருட்டி நிறுத்தினது போலவே இருக்கும். அண்ணிதான் ஒருநாள் சொன்னார், "படுக்குற பாயும் பாய், படகோட பாயும் பாய், எங்க வீட்டுக்காரரும் பாய், தமிழுக்கு வஞ்சனையே இல்ல" என்று.

அப்போதுதான் புயல் வந்தது.

ஆபீஸ் லீவு விட்டுவிட்டார்கள், நான் வீட்டில் இருக்காமல் மழையில் வண்டியை விட்டுக்கொண்டு காட்டுப்பாக்கம் போய்ச் சேர்ந்தேன். மதியம்தான், ஆனால் வானம் அடுப்புச் சட்டியின் அடி மாதிரி. முன்பாயை முதல்நாளே கழற்றி இறக்கியிருக்க வேண்டும். சுருட்டிக் கயிறு கட்டினால் போதும் என்று இருந்துவிட்டோம், ஏனென்றால் கடலில் அப்படித்தான் செய்வார்கள். கடலில் படகு சாய்ந்தால் தண்ணீர் தாங்கும், நிமிர்த்திவிடும். காட்டுப்பாக்கத்தில் சாய்ந்தால் எது தாங்கும்? கடலைப் பற்றி அவ்வளவு படித்த எங்களுக்கு, நாங்கள் கடலில் இல்லை என்கிற ஒன்று மட்டும் மறந்துபோயிருந்தது.

வடக்கிலிருந்து காற்று, படகின் விலாவில் நேராக மோதிக்கொண்டிருந்தது. பாய் கீழே தெற்குப் பக்கம், காற்று மறைவில், முட்டுகளுக்கு அடியில் மரக்கட்டைகளை வைத்துச் சம்மட்டியால் அடித்துக்கொண்டிருந்தார். படகு சாய்ந்தால் அந்தப் பக்கம்தான் சாயும். எங்களுக்குத் தெரியும், அதனால்தான் அங்கே முட்டுக் கொடுத்தார். அண்ணி கேபினிலிருந்து பேட்டரிகளை எடுத்துப் பின்பக்கம் வைத்துக்கொண்டிருந்தார். போகச் சொன்னால் போகவில்லை, "அவர் அந்த வேலைய முடிக்கட்டும், நானும் இறங்குறேன்" என்றார். நான் முன்னால், சுருட்டிய பாய் மேல் இன்னொரு கயிறு சுற்றப் போனேன். இரண்டு கையும் வேண்டும் என்பதால் கயிறு அறுக்கிற கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டேன். மடக்குக் கத்தி, பிளாஸ்டிக் பிடி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மழை மேலிருந்து கீழே விழவில்லை, பக்கவாட்டில் வந்து குத்தியது, கண் திறக்க முடியவில்லை. மணி அண்ணன் வீட்டு ஷீட் ஒன்று ஆணியோடு பிய்த்துக்கொண்டு எழும்பி, அந்தப் பக்கத் தெருவைத் தாண்டி, வேப்பமரத்தின் ஒரு கிளையை வெட்டுக்கத்தி போல வெட்டிப் போட்டுவிட்டுப் போனதைப் பார்த்தேன். என் கழுத்து அங்கே இருந்திருந்தால் என்று ஒரு கணம் தோன்றியது, அடுத்த கணம் அதற்கெல்லாம் நேரமில்லை, ஏனென்றால் மேலே, பாய்மர உச்சிக்குக் கிட்டே, சுருளுக்குள்ளிருந்து ஒரு சின்ன முட்டை மாதிரி துணி புடைத்துக்கொண்டு வந்தது.

முட்டை பலூன் ஆனது. பலூன் வெடித்தது. லாரி டயர் காதோரம் வெடித்தால் எப்படி இருக்கும், அப்படி. நாங்கள் கட்டிய கயிறுகள் நூல் மாதிரி தெறித்தன, மொத்தப் பாயும் விரிந்து காற்றை வாங்கிக்கொண்டது. அதன் கோடியில் தொங்கிய கயிறு சாட்டையாகச் சுழன்று முதலில் கேபின் கண்ணாடியை உடைத்தது, அப்புறம் என் கன்னத்தை. வலிக்கவில்லை. சூடாக மட்டும் இருந்தது, வாய்க்குள் உப்புக் கரித்தது. மறுபடி சுழன்று வந்து தோளில் இறங்கியபோது எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

படகு சாய்ந்தது. வடக்குப் பக்க முட்டுகள் தளர்ந்து ஒவ்வொன்றாக விழுந்தன, கோயில் மணியை யாரோ கோபத்தில் அடிப்பது போல. தெற்குப் பக்க முட்டுகள் சேற்றில் இறங்கி வளைய ஆரம்பித்தன. எட்டிப் பார்த்தேன். பாய் ஓடவில்லை. ஓடாமல், அந்த மனுஷன், சாய்கிற பக்கத்தில் சாத்தியிருந்த ஏணியில் ஏறி மேலே வந்துகொண்டிருந்தார், என்னைக் காப்பாற்ற. மொத்தப் படகும் அவர் தலைக்கு மேல் கவிழ்ந்துகொண்டிருக்கிறது, அவருக்கு அது தெரியவில்லை, அவர் கண் என் ரத்தத்தின் மேல் இருந்தது.

உள்ளதைச் சொல்கிறேன், நான் அந்த நேரத்தில் வடக்குப் பக்கம் குதித்து ஓடத்தான் உடம்பைத் திருப்பினேன். எவனாக இருந்தாலும் அதைத்தான் செய்வான்.

அப்போதுதான் கேட்டது.

காற்றுக்கு மேலே, காற்றை ஒதுக்கிவிட்டு, தெளிவாக. "பாய இறக்கு!" பாயின் குரல். பயிற்சியில் ஆயிரம் தடவை கேட்ட அதே குரல், அதே அதட்டல். என் கால் நின்றுவிட்டது. உடைந்த தோளோடு பாய்மரத்தடிக்குப் பாய்ந்தேன், பாயைத் தூக்கிப் பிடித்திருக்கிற கயிற்றின் பிடியை உதைத்துத் திறந்தேன். திறக்கிற அதே நொடியில் என் காதுக்குப் பக்கத்தில் இன்னொரு சத்தம் கேட்டது. அதை அப்புறம் சொல்கிறேன்.

கயிறு புகைந்துகொண்டு ஓடியது. பாய் அலறிக்கொண்டு இறங்கி என்னை மூடியது. ஈரத் துணிக்குள் மூச்சு முட்டக் கிடந்தேன், படகு இன்னும் சாய்ந்தது, இரும்பு கிழிகிற சத்தம், அப்புறம் ஒரு பெரிய இடி, நின்றுவிட்டது. மதில்சுவர் மேல் சாய்ந்து நின்றிருந்தது. இன்னும் ஒரு மூச்சு பாய் விரிந்திருந்தால் சுவரையும் சேர்த்துக்கொண்டு மணி அண்ணன் வீட்டு மேலே போயிருக்கும்.

துணியிலிருந்து புழுப் போல ஊர்ந்து வெளியே வந்து பார்த்தேன். ஏணி இருந்த இடத்தில் படகின் வயிறு இருந்தது. ஏணி கரும்புச் சக்கை மாதிரி மண்ணில் பதிந்து கிடந்தது. பாய் அதில்தான் இருந்தார். கத்த நினைத்தேன், குரல் வரவில்லை, முனகல்தான் வந்தது, ஏன் என்று புரியாமல் இன்னும் கத்த முயற்சி செய்துகொண்டு சரிந்த தளத்தில் சறுக்கிக் கீழே விழுந்தேன்.

யாரோ என்னைப் புரட்டினார்கள்.

"டேய். டேய்! மொதல்ல வாயில கீற கத்திய எடுடா!"

நாசர் பாய். முழுசாக, சேற்றில் முக்கி எடுத்த மாதிரி, உயிரோடு. கத்தி என் வாயிலேயே இருந்தது. தாடை பூட்டிக்கொண்டுவிட்டது. அவர் இரண்டு விரலை விட்டுத் திறந்துதான் எடுத்தார், பிளாஸ்டிக் பிடியில் என் பல் முழுசாகப் பதிந்திருந்தது.

அண்ணி பின்பக்கம் மணல் குவியல் மேல் உட்கார்ந்திருந்தார், கணுக்கால் திரும்பியிருந்தது. மணி அண்ணன் கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்து எங்களை இழுத்துக்கொண்டுபோய் உள்ளே போட்டார். ஷீட் போன இடத்தில் தார்ப்பாய், அதில் மழை கொட்டுகிறது. அவர் மனைவி என் கன்னத்தில் துணியை வைத்து அழுத்தினார். ஆம்புலன்ஸ் வர வழியில்லை, டீ மட்டும் வந்தது.

பாய் என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். "நீ மட்டும் கத்தலன்னா நான் மவுத்துடா."

"நான் எங்க கத்துனேன்?" கன்னம் ஒத்துழைக்காமல் குழறினேன். "நீங்கதானே பாய இறக்குன்னு கத்துனீங்க."

"நானா? எனக்கு மூச்சே இல்ல, நான் எங்க கத்துறது? 'பாய், இறங்கு'ன்னு நீ கத்துன. ஓங்கொரல் எனக்குத் தெரியாதா? ஒன்னும் கேக்காம எறங்கி ரோட்டுக்கு ஓடிட்டேன்."

"இல்லங்க," என்றார் அண்ணி. அவர் முகம் வெளுத்திருந்தது. "இறக்குவும் இல்ல, இறங்குவும் இல்ல. 'பாய்!'னு மட்டும்தான். உங்க குரல்ல. உடனே பாய்ஞ்சிட்டேன்."

"இன்னாம்மா நீ, குதின்னு சொன்னா குதிப்பாங்க. பாய்னு சொன்னா எவன் குதிப்பான்?"

"தமிழ் டீச்சர் குதிப்பா."

மணி அண்ணன் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "எங்க ஊட்ல யாரும் கத்தல பாய். கதவ சாத்திகினு கட்டிலுக்கு அடியில கீறோம், கத்துறதுக்கு எவனுக்குத் தெம்பு?" டீ கிளாஸைக் கீழே வைத்தார். "எவனோ ஒரே துணிய மூணு பேருக்கு மூணு சைஸ்ல தச்சுக் குடுத்துகீறான்."

அப்போதுதான் பாய் மெதுவாகக் கேட்டார். "ஆமா, வாயில கத்திய கடிச்சிகினு நீ எப்டிடா கத்துன?"

நான் நாக்கால் என் பல்லைத் தடவிப் பார்த்தேன். தார்ப்பாயில் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

எனக்கு இதற்கெல்லாம் விளக்கம் இருந்தது, நம்புங்கள். பாய்மரக் கம்பிகளில் காற்று ஊளையிடும், அதில் மூளை தனக்கு வேண்டிய சொல்லைப் போட்டுக்கொள்ளும். பாய்க்கு இறங்க வேண்டியிருந்தது, எனக்கு இறக்க வேண்டியிருந்தது, அண்ணிக்குக் குதிக்க வேண்டியிருந்தது. ஒரு சத்தம், மூன்று பயம், மூன்று அர்த்தம். மருத்துவமனையில் தோளுக்குக் கட்டுப் போட்டுப் படுத்திருந்தபோது இதை அவர்களுக்கும் சொன்னேன். அண்ணி ஒத்துக்கொண்டார். பாய் "அல்லாதான்" என்று முடித்துக்கொண்டார். நானும் முடித்துக்கொண்டிருப்பேன்.

ஆனால் அந்த இரண்டாவது சத்தம். அதை நான் அவர்களிடம் இன்றுவரை சொல்லவில்லை. கயிற்றின் பிடியை உதைத்துத் திறந்தேனே, அப்போது என் இடது காதுக்குப் பக்கத்தில், மூச்சுச் சூடு படுகிற தூரத்தில், ஒரு குரல் உரக்கப் பதில் சொன்னது.

"ரைட்டு!"

என் குரல். கத்தியைக் கடித்துக்கொண்டிருந்த என்னுடைய குரல். கட்டளைக்குக் கம்பியில் ஊளையிட்ட காற்று காரணம் என்று வைத்துக்கொள்ளலாம். பதிலுக்கு? எந்தக் காற்று பதில் சொல்லும்? யாரோ ஒருவன் கட்டளை போட்டான், இன்னொருவன் ரைட்டு சொன்னான், நாங்கள் நடுவில் இருந்தோம், அவ்வளவுதானா? அந்தக் கட்டளை எங்களுக்கே இல்லையோ என்று ஒரு எண்ணம் வரும். அதற்கு மேல் யோசிக்க மாட்டேன்.

படகைச் சரிசெய்ய ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. வர மாட்டேன் என்று சொல்லலாமா என்று நினைத்தேன், சொல்லவில்லை, என்னை நோக்கி அந்த ஏணியில் ஏறிய மனுஷனிடம் எப்படிச் சொல்வது. இந்தத் தடவை பாய்மரத்தைக் கடலோரத்தில்தான் நிறுத்தினோம். வேலையை விட்டுவிட்டு இப்போது பாதி மாதம் அதில்தான் வாழ்கிறேன். ஆடுகிற அடுப்பு நிஜமாகவே ஆடுகிறது. கடலூர் தாண்டி ஒருமுறை செம அடி வாங்கினோம், அலை கேபின் மேல் ஏறி இறங்கியது, அண்ணியின் பாத்திரம் எல்லாம் பறந்தது, பாய் கட்டளை போட்டுக்கொண்டே இருந்தார், நான் ரைட்டு ரைட்டு என்று கத்திக்கொண்டே இருந்தேன். ஒன்றும் இல்லை. அங்கே கத்தியது எல்லாம் நான்தான், தொண்டை கட்டிக்கொண்டதே சாட்சி. பெருங்காற்றில் எனக்குப் பயமே இல்லை இப்போது.

போன மாதம் தெற்கே ஒரு சின்ன மீன்பிடித் துறைக்குள் நுழைந்தோம். வெயில் சாயாத மாலை. தண்ணீர் எண்ணெய் ஊற்றின மாதிரி அசையாமல் கிடந்தது, காற்று அறவே செத்துவிட்டது, பாய் துவண்டு தொங்கியது. கரையில் வலை காயப்போட்டிருந்தார்கள், ஒரு நாரை கம்பத்தின் மேல் ஒற்றைக் காலில் நின்றது. அண்ணி உள்ளே மீன் கழுவிக்கொண்டிருந்தார். நாசர் பாய் சுக்கானில். நான் பாய்மரத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு அந்த நாரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், வேறு எதையும் நினைக்கவில்லை.

"ரைட்டு!"

நாரை எழும்பிப் பறந்தது.

நாசர் பாய் சுக்கானிலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். "இன்னாடா அவசரம்? நான் இன்னும் ஒன்னும் சொல்லவே இல்லியே."

நானும் சிரித்தேன். வாயைத் திறக்காமல்தான் சிரித்தேன். அதற்கு முன்னாலும் அது மூடித்தான் இருந்தது.